சந்தையா, மண்டியா, சூப்பர் மார்க்கெட்டா? எதை எங்கே வாங்கினால் காசு மிஞ்சும்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று நம் பக்கம் குடியிருந்துகொண்டு அரிசி, பருப்பு, காய், முட்டை, எண்ணெய் அத்தனையையும் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வருகிறவர்கள், சென்னைக்காரர்களைவிட அதிகமாகக் காசை விடுகிறார்கள் என்பது என் கருத்து. அங்கே பலருக்கு வேறு வழி இல்லை. இங்கே அப்படியா? முட்டை நாமக்கல்லில் இருந்துதான் மற்ற ஊருக்கே போகிறது, கறிக்கோழியின் பண்ணை விலையைப் பல்லடத்தில்தான் அறிவிக்கிறார்கள், காங்கேயத்தில் அரிசி ஆலைகள், பொள்ளாச்சியில் தேங்காய், கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை, உடுமலையிலும் கிணத்துக்கடவிலும் தக்காளி. இவ்வளவையும் நம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஏசி போட்ட கடையில் வாழைப்பூவுக்கு பார்கோடு ஒட்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்காக சூப்பர் மார்க்கெட் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சில சாமான் அங்கேதான் மலிவு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் இருக்கிறது, அந்த இடம் மாறினால் லாபம் போய்விடும் என்பதுதான் விஷயம். நாலு பேர் உள்ள, இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவோம். வாங்கியதில் எவ்வளவு அழுகி, வண்டு விழுந்து வெளியே போகிறது, போய்வர என்ன செலவு, மொத்தமாக வாங்கக் கையில் ரொக்கம் இருக்கிறதா, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பைக் ஒரு லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால், பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சந்தைக்குப் போய்வர 40 ரூபாய் ஆகிவிடும். காரில் போனால் கணக்கே போடாதீர்கள். ஆனால் 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டில் அக்காவோ அம்மாவோ பையோடு பஸ் ஏறினால் அந்த 40 ரூபாய் அப்படியே மிஞ்சும். சந்தைக் கணக்கையே இந்த ஒரு விஷயம் மாற்றிவிட்டது, ஆனால் யாரும் இதை மளிகைச் செலவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

முதலில் காய்கறி. இதில்தான் வித்தியாசம் வாராவாரம் கண்ணுக்குத் தெரியும்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், அப்போது மு. கருணாநிதி முதல்வர். நடுவில் ஆட்சி மாறி சில வருடம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது, 2006க்குப் பிறகு மறுபடி எழுந்தது. நம் பக்கத்தில் கோவை ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம், ஈரோடு சம்பத் நகர், திருப்பூரில் வடக்கு தெற்கு என்று இரண்டு, சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி எனப் பெரிய ஊர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அடையாள அட்டை உள்ள விவசாயிதான் உள்ளே கடை போட முடியும், அவரிடம் வாடகையும் இல்லை சுங்கமும் இல்லை, தராசும் சந்தையே கொடுக்கிறது. விலையை அதிகாரிகள் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். பக்கத்து மொத்தச் சந்தை விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறையவும் இருக்கும்படி வைப்பது நடைமுறை. விவசாயிக்கும் மண்டி விலையைவிடக் கூட, நமக்கும் கடையைவிடக் குறைவு, நடுவில் கமிஷன் மட்டும் காணாமல் போகிறது.

வாரம் 500 ரூபாய்க்குக் காய் வாங்குகிற வீட்டுக்கு 15 சதவீதம் என்றால் 75 ரூபாய், மாதத்துக்கு 300. இதைப் பெரிய தொகையாக நினைக்காதவர்கள் இருப்பார்கள், சரி. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது கீரையும் வெண்டைக்காயும் எத்தனை நாள் தாங்குகின்றன என்பது. விடியற்காலை பறித்து வந்த கத்தரிக்காய் நாலு நாள் அப்படியே இருக்கும். இரண்டு கை மாறி, குளிர்பெட்டியில் வியர்த்து, மேலே தண்ணீர் தெளிக்கப்பட்டு வருகிற காய் இரண்டாம் நாளே சுருங்கும். வாடிப்போன கொத்தவரங்காயைக் குப்பையில் போடும்போது அதன் விலையையும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

குறையும் இருக்கிறது. உழவர் சந்தை விடியும் முன்பே ஆரம்பித்துவிடும், எட்டு மணிக்கு மேல் போனால் நல்லது போயிருக்கும், மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு அது வசதி, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தோது. அப்புறம், சந்தைக்கு வெளியே சாலையோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. அவர்கள் மண்டியில் எடுத்து விற்பவர்கள், விலைப் பலகை அவர்களுக்குப் பொருந்தாது. சில நாள் உள்ளே இருப்பதைவிடக் குறைத்துக்கூடக் கொடுப்பார்கள், அதில் தவறில்லை, ஆனால் உள்ளே விலையைப் பார்த்துவிட்டு வெளியே வாங்குங்கள். வெளியே பார்த்துவிட்டு உள்ளே போகாமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

பழைய வாரச் சந்தை இன்னொரு மாதிரி. புன்செய் புளியம்பட்டியில் வியாழக்கிழமை, கோபி மொடச்சூரில் சனிக்கிழமை, இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. இங்கே விலைப் பலகை கிடையாது, பேச்சுதான் விலை. காலையில் தரம் நன்றாக இருக்கும், விலை இறங்காது. பொழுதோட போனால் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு போக யாருக்கும் மனது வராது, அப்போது "ஏனுங்க, மிச்சத்தை எல்லாம் நானே எடுத்துக்கிறேன், பார்த்துக் குடுங்க" என்று கேட்டால் பாதி விலைக்கும் கிடைக்கும். கூறு கட்டி வைத்திருப்பதை வாங்கும்போது அடியில் இருப்பதைக் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எலக்ட்ரானிக் தராசு இருந்தால் பையை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கருவாடு, நாட்டுக்கோழி, தட்டைப்பயறு, கொள்ளு, கம்பு மாதிரி சாமானுக்கு வாரச் சந்தையை அடிக்க வேறு இடம் இல்லை. மொடச்சூர் பயறு வகைக்குப் பேர்போன சந்தை. வெறும் காய்க்காக மட்டும் போவதென்றால், உழவர் சந்தை பக்கத்தில் இருக்கும்போது வாரச் சந்தைக்குத் தூரமாகப் போகத் தேவையில்லை.

மொத்த மார்க்கெட்டுக்கே போய்விடலாமே என்று சிலர் கேட்பார்கள். கோவையில் மேட்டுப்பாளையம் ரோட்டு எம்.ஜி.ஆர். மார்க்கெட், மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி, தள்ளிப் போனால் ஒட்டன்சத்திரம். விலை அங்கே நிச்சயம் குறைவுதான். ஆனால் உருளைக்கிழங்கு மண்டியில் 45 கிலோ மூட்டைக் கணக்கு, தக்காளி 14, 15 கிலோ பெட்டிக் கணக்கு. நாலு பேர் வீட்டில் 15 கிலோ தக்காளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று நான்கு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்துப் பங்கு போட்டால் மட்டும் கட்டும். வரத்து கொட்டுகிற சமயத்தில் உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் பறிகூலிக்கே கட்டாது என்று தக்காளியைக் காட்டிலேயே விட்டுவிடுகிற நிலை அடிக்கடி வருகிறது, அந்த வாரங்களில் பெட்டி எடுப்பது நமக்கும் லாபம், அவர்களுக்கும் கொஞ்சம் உதவி. கல்யாணம், காதுகுத்து, கெடா வெட்டு என்றால் மண்டிக்குப் போகத்தான் வேண்டும். மாதாந்திரச் செலவுக்கு மண்டியை நம்பவேண்டாம்.

சின்ன வெங்காயத்துக்கு மட்டும் விதிவிலக்கு. பல்லடம், பொங்கலூர், குண்டடம் பக்கத்து விவசாயிகள் அறுவடை முடிந்ததும் விலை ஏறட்டும் என்று வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள், தரையில் இருந்து உயர்த்திக் காற்று உள்ளே போய்வரும்படி கட்டி மேலே ஓலையோ தகரமோ போட்டு மூடியிருப்பார்கள், ரோட்டில் போகும்போதே தெரியும். அவர்கள் செய்வதையே சிறிய அளவில் வீட்டிலும் செய்யலாம். அறுவடைச் சமயத்தில் நன்றாகக் காய்ந்த, தாளோடு இருக்கிற வெங்காயத்தைப் பத்துக் கிலோ வாங்கிப் பிடிபிடியாகக் கட்டி நிழலில் காற்றாடத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதம் வரும். எடை கொஞ்சம் வற்றும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஈரவெங்காயத்தை வாங்கி பிளாஸ்டிக் பையிலேயே போட்டு வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அரிசியும் பருப்பும் சாதத்துக்கு தினமும் ஒரு கை வெங்காயம் உரிக்கிற வீடுகளில் இந்த ஒன்றே நல்ல மிச்சம்.

அரிசிக்கு வருவோம். காங்கேயத்தில் நெல் அதிகம் விளைவதில்லை, அது வானம் பார்த்த பூமி. டெல்டாவில் இருந்தும் கர்நாடகாவில் இருந்தும் நெல் வந்து அங்கே அவிந்து அரைபட்டு ஊர் ஊராகப் போகிறது. அதனால் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆலை அரிசி நம் ஊர் அரிசி மண்டிகளில் எளிதாகக் கிடைக்கும். ஆலைக்கே நேராகப் போனால் இன்னும் மலிவா என்றால், ஒரு சிப்பத்துக்கு, அதாவது ஒரு மூட்டைக்கு, ரொம்ப வித்தியாசம் வராது, ஆலைக்காரருக்கு லோடு கணக்குதான் வியாபாரம். உங்கள் ஊர் அரிசி மண்டியே போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது சிப்பத்தின் எடை. 2022 ஜூலை 18 முதல், பேர் போட்டுக் கட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் கிடையாது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கிலோ 60 ரூபாய் அரிசி என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு மூன்று ரூபாய், சிப்பத்துக்கு 78 ரூபாய் வரியில் போகாமல் நிற்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ, பத்துக் கிலோ பையில் வாங்கினால் இந்த வரியும் கட்டி, பைக்கும் அச்சுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். 25 கிலோ சிப்பத்தையும் 26 கிலோ சிப்பத்தையும் அப்படியே ஒப்பிட்டு "இது எச்சு, அது கம்மி" என்று முடிவு கட்டாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். மண்டியில் இன்னொரு வசதி, ஒரு கிலோ சாம்பிள் வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு சிப்பம் எடுக்கலாம். பழைய அரிசி கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருந்தாலும் சோறு உதிரியாக, கூடுதலாகக் காணும், புது அரிசி குழைந்துபோகும். பை மேலே எவ்வளவு பளபளப்பாகப் பேர் அச்சடித்திருக்கிறது என்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

ரேஷனை விட்டுவிட்டுப் பேசவே கூடாது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். எந்தச் சந்தையும் எந்த மண்டியும் எந்தத் தள்ளுபடியும் இந்த விலைக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் கொஞ்சம் வசதி வந்ததும் "அதையெல்லாம் யார் வரிசையில் நின்று வாங்குவது" என்று விட்டுவிடுகிறார்கள். புழுங்கல் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் ஊற வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, நம் பக்கத்தில் பாதி வீடு அதைத்தான் செய்கிறது. கழுவும்போது சில மணி மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து கொட்டிவிடாதீர்கள், அது இரும்புச்சத்து சேர்த்த செறிவூட்டிய மணி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தது. ஒரு கிலோ பருப்பு மாதம் முழுக்கப் போதாதுதான், ஆனால் வெளியே வாங்குகிற அளவில் ஒரு கிலோ குறைகிறதல்லவா. அடுத்தவர் அட்டை அரிசியைக் காசு கொடுத்து வாங்குவது மட்டும் வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

ரேஷன் போக மீதி மளிகைக்கு மூன்று வழி: தெருமுனை மளிகைக் கடை, மொத்தக் கடை வீதி, சூப்பர் மார்க்கெட். கோவையில் ரங்கே கவுடர் வீதி, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும் மொத்தக் கடை வீதிகள். அங்கே பருப்பு, மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கசகசா எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள், கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். எல்லாக் கடையும் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கொடுக்காது, சில்லறைக்கும் கொடுக்கிற கடை எது என்று ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் துவரம் பருப்புக்காகவும் உளுந்துக்காகவும் மட்டும் அங்கே போவது அவ்வளவு பிரயோஜனம் இல்லை, பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கூட்டத்தை இழுக்க இந்த இரண்டையும் சர்க்கரையையும் வாங்கின விலையை ஒட்டியே விற்பார்கள். ஆனால் மிளகு, சீரகம், ஏலக்காய், முந்திரி, மிளகாய் வற்றல் போன்றவற்றில் பாக்கெட்டுக்கும் மொத்தக் கடைக்கும் நல்ல வித்தியாசம். ஐம்பது கிராம் சீரகப் பாக்கெட் வாங்குகிறவர் கிலோவுக்கு என்ன கொடுக்கிறோம் என்று இருபதால் பெருக்கிப் பார்த்தால் அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டார். மசாலாச் சாமானுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தக் கடை வீதி, அது போதும்.

வருடத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டியவையும் உண்டு. புளி மாசி, பங்குனியில் புதிதாக இறங்கும். கொட்டையோடு வாங்கினால் விலை குறைவு, ஆனால் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொட்டை, அதைக் கழித்துத்தான் கொட்டை எடுத்த புளியோடு ஒப்பிட வேண்டும். வீட்டில் அமுச்சி (பாட்டி) இருந்து மதியப் பொழுதில் தட்டிக் கொடுக்கிறார் என்றால் கொட்டையோடு வாங்குங்கள், இல்லாவிட்டால் கொட்டை எடுத்ததே மேல். உப்புப் போட்டுப் பானையிலோ ஜாடியிலோ அடைத்தால் வருடம் தாங்கும். மிளகாயும் கிட்டத்தட்ட அந்தச் சமயம்தான், வெயிலில் மறுபடி காய வைத்து எடுத்து வைக்கலாம். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கவுந்தப்பாடி, சித்தோடு பக்கத்தில் கரும்புச்சாறு காய்ச்சுகிற ஆலைக்கொட்டாயில் இருந்து வருபவை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் 60 கிலோ மூட்டையாக ஏலம் போகும், பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு தேவஸ்தானம் வாங்குவதும் அங்கேதான். ஏலத்தில் நாம் போய் இரண்டு கிலோ கேட்க முடியாது. ஆலை ஓடுகிற சமயத்தில் கொட்டாயிலேயே கேட்டால் கொடுப்பார்கள். ரொம்ப வெளுப்பாக, மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதை விட்டுவிட்டு மங்கலாக இருப்பதை எடுங்கள்.

எண்ணெய்தான் குழப்பமான சமாச்சாரம். ஊரெல்லாம் மரச்செக்கு வந்துவிட்டது, நாமே நிலக்கடலை வாங்கிக் கொடுத்து ஆட்டினால் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைவிட மலிவு என்பதுதான் கேள்வி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். ஒரு பேச்சுக்குக் கிலோ 120 ரூபாய் என்றால் 2.4 கிலோவுக்கு 288. கூலி 40 சேர்த்தால் 328. புண்ணாக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் மிஞ்சும், அதை மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் ஐம்பது ரூபாய் திரும்பும். ஆக லிட்டர் 280 பக்கம். கடையில் விற்கிற செக்கு எண்ணெய் பாட்டிலைவிட இது குறைவாக வரும், என்ன கடலை போட்டோம் என்பதும் தெரியும். ஆனால் ரீபைண்டு சூரியகாந்தி எண்ணெய் விலைக்கு இது வரவே வராது. காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செக்குக்குப் போகிறவர் ஏமாந்துபோவார், ருசிக்காகவோ உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையிலோ செக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவருக்குத்தான் ஆட்டிக்கொள்வது லாபம். புண்ணாக்கைக் கூலிக்குச் சரியாகப் போச்சு என்று செக்குக்காரரே எடுத்துக்கொள்வதும் உண்டு, எந்த ஏற்பாடு என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். தேங்காய் எண்ணெய்க்குக் கணக்கு இன்னும் நல்லது, கொப்பரையில் எண்ணெய் அதிகம், ஒன்றரைக் கிலோ கொப்பரைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் காணும். காங்கேயம், பெருந்துறை, அவல்பூந்துறை சுற்றி இருப்பவர்களுக்கு நல்ல கொப்பரை கிடைப்பதும் சிரமம் இல்லை.

பாக்கெட் எண்ணெயில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் சுமார் 910 கிராம். இப்போது அதே உயரப் பாக்கெட்டில் 850 கிராம், 800 மில்லி என்று போட்டுப் பத்து ரூபாய் குறைவு என்று விற்கிறார்கள். முன்பக்கத்து விலையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்பது சட்டம், பொடி எழுத்தில் இருக்கும்.

முட்டைக்கு ஒப்பீடே தேவையில்லை. நாமக்கல் பண்ணைக் கொள்முதல் விலையை முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, பேப்பரில் போடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்கள் கடைக்காரர் ஒரு முட்டைக்கு எவ்வளவு வைக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். முட்டை மண்டியில் முப்பது முட்டை அட்டையாக வாங்கினால் பண்ணை விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், ஆறு முட்டை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து "பண்ணைப் புதுசு" என்று விற்பதற்கும் இதற்கும் ஒரு முட்டைக்கு இரண்டு மூன்று ரூபாய் வரைகூடப் போகும். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி சாப்பிடாது, விலை இறங்கும். மார்கழியில் கேக் சமயத்தில் ஏறும்.

கறிக்கோழியில் பல்லடத்து விலை உயிர் எடைக்கு. இரண்டு கிலோ கோழியில் தோல் உரித்த கறி சுமார் 1.3 கிலோதான் வரும். அதனால் உயிர்க்கோழி கிலோ நூறு, கறி நூற்று எழுபது என்றால் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், அந்த நூறே கறியில் நூற்று ஐம்பது பக்கம் வந்துவிடுகிறது. உறைய வைத்த பாக்கெட் கறியை நம் ஊரில் வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மீன் கடலில் இருந்து வர வேண்டும், கோவை உக்கடத்துக்குப் போனால் வகை நிறைய, விலையில் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, சூப்பர் மார்க்கெட் எங்கே ஜெயிக்கிறது? சோப்பு, பேஸ்ட், துணிப்பொடி, பாத்திரம் கழுவுகிற திரவம், பிஸ்கட், டீத்தூள், சேமியா மாதிரி கம்பெனிச் சாமானில். மொத்தமாக வாங்குவதால் அச்சிட்ட விலையில் இருந்து குறைத்துக் கொடுக்கிறார்கள், தெருமுனைக் கடைக்காரருக்கு ஏஜென்ட் கொடுக்கிற விலையே சில சமயம் அதைவிடக் கூட இருக்கும். சர்க்கரை, கோதுமை மாவு, ரவை, மைதா இவற்றிலும் அங்கே விலை நன்றாக இருக்கும். மாதம் ஒருமுறை சிட்டை எழுதிக்கொண்டு போய் சிட்டையில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு அது நல்ல கடைதான். காய்கறியில் மிச்சம் பிடித்த 300 ரூபாயை பில் போடும் இடத்தில் இருக்கிற சாக்லேட்டில் விட்டுவிட்டு வருவதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் ஆர்டர் போட்டுப் பத்து நிமிடத்தில் வருவதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க என்று நூறு ரூபாய்க்கு வேண்டாததைச் சேர்ப்பதுதான் அதில் நடக்கிறது.

இதெல்லாம் கையில் ரொக்கம் இருக்கிற வீட்டுக்கான பேச்சு. திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை செலவு செய்கிற வீட்டுக்கு 26 கிலோ சிப்பமும் மூன்று மாத மசாலாவும் ஒரே நாளில் முடியாத காரியம். அவர்களுக்கு நான் தெருமுனை மளிகைக் கடையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கணக்கு நோட்டில் எழுதிக் கொடுக்கிற அண்ணாச்சியோ கவுண்டரோ கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட வைக்கிறார் என்றாலும், வேலை இல்லாத வாரத்தில் அவர்தான் அரிசி கொடுக்கிறார். வட்டிக்கு வாங்கி மலிவாகச் சாமான் வாங்குவது எந்த ஊர்க் கணக்கு? அவர்கள் ரேஷனை முழுதாக வாங்கி, ஞாயிறு காலை உழவர் சந்தைக்கு மட்டும் போய்வந்தால் போதும், திருப்பூர் தெற்கு உழவர் சந்தைக்குப் பக்கத்திலேயே தென்னம்பாளையம் மார்க்கெட்டும் இருக்கிறது. சிப்பத்தை இரண்டு வீடு சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம், ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்களுக்கு இது சுலபம்.

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் காய்கறியை உழவர் சந்தைக்கு மாற்றுங்கள். இரண்டாவது, அரிசி. மூன்றாவது, முட்டையும் மசாலாவும். எண்ணெய்க்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் அலைவது அதற்கப்புறம், நேரமும் ஆசையும் இருந்தால். உழவர் சந்தைக்குப் போகும்போது இரண்டு துணிப்பை, பத்து இருபது ரூபாய்த் தாளாகச் சில்லறை, கீரையை மேலாக வைக்க ஒரு கூடை கொண்டுபோங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் காலை ஆறு மணிக்கு எந்த விவசாயியிடமும் மீதி இருக்காது.